பைக் லீவர் உடைந்துவிட்டதா? குறைந்த விலையில் மாற்று லீவர் பார்த்து வாங்குவது எப்படி

நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தாலே முதலில் அடி வாங்குவது ஹேண்டிலில் உள்ள பிரேக், கிளட்ச் லீவர்தான். கம்பெனி லீவரின் விலையைப் பார்த்துவிட்டு வெளியில் கிடைக்கும் லீவரைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் விரல் படும் வளைவையும்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பிவட் போல்ட், அதாவது லீவர் சுழலும் அச்சான போல்ட், நுழையும் அடிப்பகுதியை. அந்த மூன்று நான்கு சென்டிமீட்டர் சரியாக இருந்தால் மலிவான லீவரும் நன்றாக உழைக்கும்.

பழைய லீவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நுனி உடைந்திருந்தாலும் அடிப்பகுதி மிச்சமிருந்தால் அதுதான் உங்கள் அளவுகோல். வெர்னியர் அளவுகோலை வைத்து பிவட் துளையின் விட்டத்தையும், அந்த இடத்தில் லீவரின் தடிமனையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். துளையின் உள்ளே பித்தளை புஷ் (சிறு குழாய் வளையம்) இருந்தால் புஷ்ஷோடு ஓர் அளவு, கழற்றி ஓர் அளவு. பிறகு, பிரேக் லீவர் என்றால் துளையின் மையத்திலிருந்து பிஸ்டனைத் தள்ளும் முனை வரை உள்ள தூரம். கிளட்ச் லீவர் என்றால் கேபிள் நிப்பிள் (கேபிள் நுனியில் உள்ள உலோகக் குமிழ்) உட்காரும் துளையின் மையம் வரை. சுவிட்சைத் தொடும் நாக்கு எந்தப் பக்கம், எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை போட்டோ எடுத்து வைத்தால் போதும். வண்டியின் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஒரே மாடலில் ஆண்டு மாறும்போது மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயிலை அழுத்தும், லீவரோடு சேர்ந்த பாகம்) மாறியிருக்கலாம். ஏபிஎஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் லீவர் வேறாக இருக்கலாம்.

பிரேக் லீவர்: இங்கே பிழைக்கு இடமில்லை

ஹைட்ராலிக் பிரேக்கில் லீவரின் முனை மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளுகிறது. கையை எடுத்ததும் பிஸ்டன் முழுவதுமாகப் பின்னால் வர வேண்டும். அப்போதுதான் சிலிண்டருக்கும் ஆயில் டப்பாவுக்கும் நடுவே உள்ள நுண்ணிய துளை திறக்கும். புது லீவரின் முனை அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் பிஸ்டன் அந்தத் துளையை மறைத்தபடியே நின்றுவிடக்கூடும். கொஞ்ச தூரம் ஓடியதும் பிரேக் ஆயில் சூடாகி விரியும். திரும்பிப் போக வழியில்லாததால் அழுத்தம் ஏறும். பேடு டிஸ்கை உரசும். உரசினால் இன்னும் சூடு. கடைசியில் முன் சக்கரம் தானாகவே இறுகிவிடும். நிற்கும் வண்டியில் எல்லாம் சரியாகத் தெரிவதுதான் இந்தக் கோளாறின் ஆபத்து.

எனவே லீவரை மாட்டியதும், பிஸ்டனைத் தொடுவதற்கு முன் லீவரில் சிறிது வெற்று அசைவு இருக்கிறதா என்று விரலால் பாருங்கள். அசைவே இல்லையென்றால் அந்த லீவர் வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். முனையை அரத்தால் ராவிச் சரிக்கட்டலாம் என்று சொல்வார்கள். கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டால் பாதி தூரம் லீவரை வீணாக இழுத்த பிறகே பிரேக் பிடிக்கும்.

கிளட்ச் பக்கம்

பிவட்டிலிருந்து நிப்பிள் வரை உள்ள தூரம்தான் கேபிள் எவ்வளவு இழுபடும் என்பதைத் தீர்மானிக்கிறது. பழையதில் 30 மி.மீ., புதியதில் 27 என்றால் கேபிள் பத்தில் ஒரு பங்கு குறைவாக இழுபடும். கைக்கு லேசாகத் தெரியும், ஆனால் கிளட்ச் முழுதாக விடாது: கியரில் நிற்கும்போது வண்டி முன்னே நகரும், நியூட்ரல் கிடைக்காது. தூரம் கூடினால் லீவர் கல்லாக இருக்கும். நிப்பிள் அதன் துளையில் தடையின்றிச் சுழல வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் கேபிள் அதே இடத்தில் மடங்கி, நிப்பிளை ஒட்டி இழை இழையாக அறுந்துபோகும்.

எந்த வகை?

சிக்கனமாக முடிக்க வேண்டுமென்றால் கம்பெனி லீவரின் அதே வடிவில் வார்த்த சாதாரண லீவரே போதும். அட்ஜஸ்டரும் (லீவருக்கும் கிரிப்புக்கும் உள்ள தூரத்தை மாற்றுவது) மடக்கும் மூட்டும் உள்ள வண்ண லீவர்களில் ஒவ்வொரு மூட்டும் ஆட்டம் விழக்கூடிய இடம். மலிவானதில் அது சீக்கிரமே விழும். இரண்டு விரல் குட்டை லீவர் பார்க்க அழகு. ஆனால் கை பிடிக்கும் இடம் பிவட்டுக்கு அருகே வந்துவிடுவதால் கிளட்ச் கனமாகும். நகர நெரிசலில் ஓட்டுகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நுனியில் உருண்டை இல்லாத லீவர் விழும்போது கையையோ காலையோ குத்தும், அதை ஒதுக்கிவிடுங்கள். வளைந்த பிரேக் லீவரை நிமிர்த்தி ஓட்டுவதும் வேண்டாம். வார்ப்பு அலுமினியத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் விழும்.

மாட்டும்போது

முதலில் கீழே உள்ள நட், பிறகு மேலே உள்ள போல்ட் என்று கழற்றுங்கள். புஷ்ஷைத் துடைத்து லேசாக கிரீஸ் தடவுங்கள். பிஸ்டன் தொடும் முனைக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும், ஏனென்றால் சாதாரண கிரீஸ் ரப்பர் சீலை ஊதவைக்கும். போல்ட்டை அதிகமாக முறுக்கிவிடக் கூடாது. ஹோண்டாவின் பல மாடல்களில் போல்ட்டை இறுக்கும் முறுக்கு அளவு 1 நியூட்டன் மீட்டர்தான், கீழே உள்ள லாக் நட்டுக்கு 6. போல்ட்டை அதிகம் இறுக்கினால் லீவர் சிக்கி, திரும்பி வராது. லீவரை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பழையதைவிட ஆட்டம் கூடுதலாக இருந்தால் துளையோ தடிமனோ பொருந்தவில்லை. கிளட்ச் லீவரின் அடியில், லீவருக்கும் அதைத் தாங்கும் பாகத்துக்கும் நடுவே, 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வரும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள்.

அட்ஜஸ்டர் இருந்தால் கைக்கு மிக அருகில் வைத்து பிரேக்கை அழுத்துங்கள். லீவர் கிரிப்பைத் தொட்டால் அந்த நிலையைப் பயன்படுத்தக் கூடாது. ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி லீவர் டேங்கிலோ கண்ணாடியிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். லேசாகத் தொட்டதும் பிரேக் லைட் எரிய வேண்டும், விட்டதும் அணைய வேண்டும். பிறகு வாகனம் இல்லாத சாலையில் பத்து நிமிடம், அடிக்கடி பிரேக் பிடித்தபடி ஓட்டிவிட்டு, உடனே முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். ஓட்டுவதற்கு முன் சுற்றிய அதே லேசில் சுற்றினால் லீவர் வண்டியில் இருக்கலாம். இறுகினால் அங்கேயே கழற்றுங்கள்.