மெனு பட்டையில் பிட்காயின் விலை: எனக்குச் சரிப்பட்ட வழி

மேக் மடிக்கணினித் திரையின் மேல் விளிம்பில் உள்ள மெனு பட்டையில் பிட்காயின், ஈத்தரியம், சொலானா ஆகிய மூன்று கிரிப்டோ நாணயங்களின் விலையையும் வரிசையாகக் காட்டும் ஒரு செயலி வைத்திருந்தேன். திரையின் மேல் நடுவில் கேமராவுக்கான வெட்டு இருப்பதால் பட்டையில் இடம் குறைவு. மெனு அதிகமுள்ள மென்பொருளைத் திறந்தாலே விலை மொத்தமும் மறைந்துவிடும்.

அதனால் ஸ்விஃப்ட்பார் என்ற இலவசத் திறமூலச் செயலிக்கு மாறினேன். நாம் எழுதும் சின்ன நிரல் எதை அச்சிடுகிறதோ, அதையே இது பட்டையில் காட்டும். நடுவில் மூன்று சிறு கோடுகள் மட்டும் உள்ள ஒரு வரியை அச்சிட்டால், அதற்குக் கீழே வருவதெல்லாம் கிளிக் செய்ததும் விரியும் பட்டியலுக்குள் போய்விடும். எனக்கு வேண்டியிருந்தது இதுதான். இப்போது பட்டையில் பிட்காயின் மட்டும். மற்ற இரண்டும், 24 மணி நேர ஏற்ற இறக்கமும் பட்டியலில். விலையைக் காயின்கெக்கோ என்ற கிரிப்டோ விலைத் தளத்தின் ஏபிஐயிலிருந்து (நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் வழி) ரூபாயிலேயே எடுக்கிறேன். முழு எண்ணாகப் போடாமல் லட்சக் கணக்கில், ஒரு தசம இடத்தோடு காட்டுகிறேன். நிறைய இடம் மிச்சம்.

அப்புறம், விலை மாறும்போதெல்லாம் பக்கத்து ஐகான்கள் லேசாக நகர்ந்தன. எழுத்துருவை மென்லோ என்று குறிப்பிட்டதும் அது நின்றது. அதில் எல்லா இலக்கங்களுக்கும் ஒரே அகலம். சிவப்பு, பச்சை நிறங்களைப் பட்டையில் போடவே இல்லை. வேலை நேரத்தில் கண்ணை இழுக்கும்.

விலையைப் புதுப்பிக்கும் இடைவெளியை நிரல் கோப்பின் பெயரிலேயே எழுத வேண்டும். நான் 5 நிமிடம் வைத்திருக்கிறேன். இலவச ஏபிஐயிடம் எத்தனை முறை விலை கேட்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்பதால், நொடிக்கு நொடி விலை பார்த்து வர்த்தகம் செய்கிறவர்களுக்கு இந்த அமைப்பு போதாது.