முழங்கால் பிசியோதெரபி: வலியைக் கணக்கு வைத்துக்கொண்டு பயிற்சி செய்வது எப்படி?

லிகமென்ட் காயத்துக்குப் பிறகு மூன்று மாதம் பிசியோதெரபி செய்தேன். எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருப்பார். அதை வலியோடு எப்படிச் செய்து முடிப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. மாத்திரை நேரம். மருத்துவர் பாராசிட்டமால் எழுதிக்கொடுத்திருந்தால், பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளலாமா என்று அவரிடம் கேளுங்கள். முதல் வாரம் முழுவதும் நான் வலி ஏறிய பிறகுதான் மாத்திரையைத் தேடினேன்.

2. மூச்சு. குதிகாலை மெத்தைமேல் இழுத்து முழங்காலை மடக்கும்போது நம்மை அறியாமலேயே மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். உடம்பு முழுவதும் விறைக்கிறது. மடக்கும்போது வாயால் மெல்ல விடுங்கள்.

3. வலிக்கு எண். நான் சறுக்கியது இங்கேதான். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாத வலி பத்து என்று வைத்துக்கொண்டு, "பத்துக்கு நான்கு வரை போகலாம்" என்றார் பிசியோதெரபிஸ்ட். நான்கு என்றால் எவ்வளவு? எனக்குத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு வரை போய்விட்டு, சாதித்துவிட்டதாக நினைத்தேன். மறுநாள் காலையில் முழங்கால் சிப்பியின் விளிம்பே தெரியாதபடி வீக்கம். தொடையை இறுக்கச் சொன்னால் தசை அசையவே இல்லை. அது சோம்பல் அல்ல. மூட்டுக்குள் நீர் கோத்தால் தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையே மட்டுப்படுகிறது. ஒரு நாள் வீரத்துக்கு மூன்று நாள் பயிற்சி போயிற்று.

பிறகு நானே ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். மடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் நான்குக்குள். வாக்கியம் பாதியில் அறுந்தால் தாண்டிவிட்டது.

இழுத்துப் பிடிக்கும் மந்தமான வலி பரவாயில்லை. ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினாலோ மூட்டு சிக்கிக்கொண்டாலோ நிறுத்திவிடுங்கள்.

4. காலைக் கணக்கு. எழுந்ததும் சிப்பியின் நடுவே தையல் அளவு நாடாவைச் சுற்றி அளந்து எழுதுங்கள். போனில் இதற்குச் செயலிகள் உண்டு; எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை, நாடா பொய் சொல்லாது. நேற்று 38.5 செ.மீ., இன்று 39.5 என்றால், அன்று பயிற்சியின் எண்ணிக்கையைப் பாதியாக்குவேன். அடியோடு விட்டுவிட மாட்டேன். விட்டால் மூட்டு இறுகிவிடும்.

5. ஐஸ் ஒத்தடம். மெல்லிய துணி சுற்றி 15 நிமிடம். ஜெல் பைதான் என் தேர்வு; ஐஸ் கட்டி உருகி மெத்தையை நனைக்கும்.

கெண்டைக்காலில் வீக்கம், சூடு, வலி சேர்ந்து வந்தால் அது பயிற்சி வலி என்று இருந்துவிடாதீர்கள். இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தாலும் அப்படியே.

பின்சேர்க்கை: இரவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கிறதே என்று பலர் கேட்டிருந்தீர்கள். சுகம்தான், நானும் வைத்தேன். ஆனால் மடங்கியே கிடக்கும் கால் நேராக நீள மறுக்கும். எனக்கு அதை மீட்கத்தான் அதிக நாள் பிடித்தது.