ஒரு காய்கறி விலைப்பட்டியலை வைத்துக் குரல் குளோனிங்கும் கோடிங் உதவியாளரும் பழகலாம்

தென்காசியில் அக்கா வீட்டுக்காரருக்குக் காய்கறிக் கடை. ஓரமாகப் பூவும் உண்டு. தினமும் காலை ஆறரைக்கெல்லாம் அன்றைய விலையை வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டுவிடுவார். தட்டச்சு செய்த பட்டியலை யாரும் படிப்பதில்லை, குரல் என்றால் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள் என்பது அவர் கண்ட அனுபவம். போன மழைக்காலத்தில் ஒரு வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. "மாப்ளே, ஏஐ ஏஐன்னு சொல்லிட்டு இருக்கியே, அது என் குரல்ல பேசுமா?" என்று கேட்டார்.

பேசும் அத்தான், ஆனால் இரண்டு ஏஐ வேண்டும் என்றேன். அவருடைய குரலை நகலெடுத்துப் பேச ஒன்று, இதுதான் குரல் குளோனிங். அவர் எழுதும் பட்டியலைப் பேசுவதற்கு ஏற்ற வாக்கியமாக மாற்றித்தர இன்னொன்று, அதாவது அந்த மாற்றத்தைச் செய்யும் நிரலை எழுதித்தர ஒன்று, இதுதான் கோடிங் உதவியாளர். "குரல் குளோனிங் கற்றுக்கொள்ளட்டுமா, கோடிங் உதவியாளரா, எது நல்லது?" என்று கேட்பவர்களுக்கு நான் அட்டவணை போட்டுக் காட்டுவதில்லை. ஒரே வேலையில் இரண்டையும் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தானாகவே தெரிந்துவிடும். அதனால் இந்தக் காய்கறிப் பட்டியலையே பாடமாக வைத்துக்கொள்வோம். பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணினியில் ஒரு கோப்பைத் திறந்து சேமிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: யாருடைய குரல்?

இந்தக் கேள்வி கோடிங் பக்கம் எழுவதே இல்லை. குரல் பக்கம் இதுதான் முதல் கேள்வி. 2024 தொடக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ வழியாக ஒரு பாட்டில் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்கான ஊதியமும் கொடுத்ததாக அவரே பொதுவில் சொன்னார். அதே காலத்தில், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேட்காமல் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவருடைய மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இரண்டிலும் தொழில்நுட்பம் ஒன்றுதான்.

எனவே முதல் முயற்சிக்கு உங்கள் குரலையே எடுங்கள். வேறொருவர் குரல் என்றால், எதற்குப் பயன்படும், எங்கே ஒலிக்கும் என்று சொல்லி ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். நான் அத்தானிடமே ஒரு வாட்ஸ்அப் செய்தி வாங்கி வைத்தேன். சிரித்தார், ஆனாலும் அனுப்பினார்.

படி 2: ஒலிப்பதிவு

நகல்குரலின் தரத்தில் முக்கால் பங்கு இந்த இடத்திலேயே முடிவாகிவிடும். அவசரப்படாதீர்கள்.

பழைய வாய்ஸ் மெசேஜ்கள் நூறு கிடக்கின்றனவே, அவற்றைப் போட்டால் போதாதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வாட்ஸ்அப் ஒலியை நன்றாகச் சுருக்கித்தான் அனுப்புகிறது. மாதிரியில் இருக்கும் கரகரப்பையும் குரலின் குணம் என்றே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பின்னால் போகும் ஆட்டோ ஹாரனையும் சேர்த்துத்தான்.

மின்விசிறியை நிறுத்துங்கள். துணி அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்காருங்கள், எதிரொலி அடங்கும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். பதிவு ஆப்பில் வேவ் (.wav) என்ற, ஒலியைச் சுருக்காத கோப்பு வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, பேச்சில்லாத ஒரு விநாடியைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனில் அதை இரைச்சலின் மாதிரியாகக் கொடுத்து, முழுப் பதிவுக்கும் மெலிதாகப் போடுங்கள். அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

எதைப் பேசுவது? கடைசியில் என்ன வேண்டுமோ அதே பாணியில் பேசுங்கள். அத்தான் முதல் தடவை செய்தித்தாளை எடுத்து வாசித்தார். வந்த நகல்குரல் தக்காளி விலையை இரங்கல் செய்தி மாதிரி சொன்னது. மறுபடி, கடையில் நின்று ஆள் கூப்பிடுகிற வேகத்தில் விலையைச் சொல்லச்சொல்லி எடுத்தோம். சரியாக வந்தது.

படி 3: குரல் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் தமிழ் உண்டா என்று பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எக்ஸ்டிடிஎஸ் 2 என்ற குரல் மாடலுக்கு வெறும் 6 விநாடி மாதிரி போதும் என்பதால் பலரும் அதையே பரிந்துரைப்பார்கள். அது பேசும் 17 மொழிகளில் இந்தி உண்டு, தமிழ் இல்லை. அதை உருவாக்கிய கோக்கி நிறுவனமும் 2024 தொடக்கத்தோடு மூடப்பட்டுவிட்டது.

தமிழுக்கு இரண்டு வழி சொல்கிறேன். லெவன்லேப்ஸ் கட்டணச் சேவை, உலாவியிலேயே எல்லாம் முடிந்துவிடும். உடனடி நகலுக்கு ஒன்றிரண்டு நிமிட ஒலி போதும். தொழில்முறை நகல் வேண்டுமானால் குறைந்தது 30 நிமிடம் கேட்கும். இன்னொன்று ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட இண்டிக்எஃப்5. தமிழ் உட்பட 11 இந்திய மொழிகள், மாடல் இலவசம். மாதிரி ஒலியோடு அதில் என்ன பேசியிருக்கிறது என்பதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். கணினியில் கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் இணையம் வழியாகக் கூகுளின் கணினியை இரவல் தரும் கூகுள் கோலாப் மாதிரி இடத்தில் இயக்கலாம், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் நாளே வெற்றி கண்டால்தான் ஆர்வம் நிற்கும் என்பவர் முதல் வழியில் போகலாம்.

படி 4: முதல் சோதனை

"தக்காளி கிலோ 38 ரூபாய். பீன்ஸ் கிலோ 90 ரூபாய். பீர்க்கங்காய் கிலோ 55 ரூபாய்." இப்படி ஒரு மூன்று வரியைக் கொடுத்துக் கேளுங்கள்.

எங்களுக்கு நடந்தது இது. 38 ஆங்கிலத்தில் வந்தது. 90 தமிழில் வந்தது. மறுபடி அழுத்தினால் இரண்டும் தமிழில். அடுத்த தடவை இரண்டும் ஆங்கிலம். குரல் மென்பொருள் ஒரே வரியை இரண்டு முறை ஒரே மாதிரி சொல்லாது. லெவன்லேப்ஸில் உள்ள ஸ்டெபிலிட்டி என்ற அளவைக் கூட்டினால் ஆட்டம் குறையும், குரலில் உயிரும் கொஞ்சம் குறையும்.

அதைவிட வேடிக்கை பீன்ஸ். பீன்ஸுக்கும் பீர்க்கங்காய்க்கும் நாம் எழுதுவது ஒரே பீ. சொல்வது வேறு வேறு. மென்பொருள் இரண்டையும் பீர்க்கங்காய் மாதிரியே சொன்னது. எப்படிச் சொன்னது என்று இங்கே எழுதிக் காட்டலாமென்றால், தமிழ் எழுத்தில் முடியாது. அதுதானே பிரச்சினையே! பீன்ஸ், பீட்ரூட் இரண்டையும் ஆங்கில எழுத்தில் தட்டிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

ஆக இரண்டு வேலை சேர்ந்துவிட்டது: எண்களைச் சொற்களாக்க வேண்டும், சில பெயர்களை மாற்றி எழுத வேண்டும். தினமும் கையால் செய்வதென்றால் அத்தான் நேரடியாகப் பேசிவிட்டே போவார். இங்கேதான் கோடிங் உதவியாளர் வருகிறது.

படி 5: கோடிங் உதவியாளரிடம் கேட்பது

நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோட், பைத்தான் இரண்டையும் நிறுவுங்கள். கிட்ஹப் கோபைலட் என்ற கோடிங் உதவியாளர் 2021 ஜூனில் முன்னோட்டமாக வந்தது. 2024 டிசம்பரிலிருந்து விஎஸ் கோடில் அதற்கு இலவசத் திட்டமும் உண்டு. கர்சர், கிளாட் கோட், ஜெமினி சிஎல்ஐ என்று வேறு பல இருக்கின்றன. இந்த அளவு வேலைக்கு எதுவும் போதும்.

புதிய ஃபோல்டர் ஒன்றைத் திறந்து அதற்குள் வேலை செய்யுங்கள். வாடிக்கையாளர் போன் நம்பர் பட்டியல் அந்த ஃபோல்டரில் இருக்கக் கூடாது. உதவியாளர் தான் பார்க்கும் கோப்புகளைத் தன் சர்வருக்கு அனுப்பித்தான் யோசிக்கிறது.

குரல் மென்பொருளுக்கு நல்ல ஒலி எப்படியோ, இதற்கு நல்ல விளக்கம் அப்படி. தமிழிலேயே கேட்கலாம். நான் கொடுத்தது:

"என்னிடம் ஒரு உரைக் கோப்பு இருக்கிறது. வரிக்கு ஒரு காய், ஒரு இடைவெளி, பிறகு விலை எண்ணில். ஒவ்வொரு வரியையும் 'தக்காளி கிலோ முப்பத்தெட்டு ரூபாய்' என்பது போன்ற தமிழ் வாக்கியமாக்கும் பைத்தான் நிரல் வேண்டும். விலை 1 முதல் 9,999 வரை முழு எண். மாற்றி எழுத வேண்டிய பெயர்களைத் தனிப் பட்டியலாக வை, நான் பிறகு சேர்ப்பேன். வெளி நூலகம் எதுவும் வேண்டாம். நான் புதியவன், எப்படி இயக்குவது என்றும் சொல்."

வெளி நூலகம் என்பது பிறர் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் ஆயத்த நிரல். அது வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. இந்த உதவியாளர்கள் சில சமயம் இல்லாத நூலகத்தின் பெயரைக் கூசாமல் சொல்லும். அந்தப் பெயரில் யாராவது விஷமத்தனமான ஒன்றைப் போட்டு வைத்திருந்தால், நாம் அதை நிறுவிக்கொள்வோம். முதல் நிரலுக்கு அந்த வம்பு எதற்கு?

ஒரு நிமிடத்துக்குள் நிரல் வந்துவிட்டது. இயக்கினேன். முப்பத்தெட்டு, தொண்ணூறு, ஐம்பத்தைந்து, எல்லாம் சரி. வந்த வாக்கியங்களை நகலெடுத்துக் குரல் மென்பொருளில் ஒட்டினோம். அத்தான் குரலில் விலைப்பட்டியல் தயார். ஒரு மாதம் ஓடியது.

படி 6: சரிபார்த்தல்

முகூர்த்த நாள் ஒன்றில் மல்லிகை கிலோ 900 ஆனது. அன்று காலை அத்தானின் குரல் கணீரென்று அறிவித்தது: "மல்லிகைப்பூ கிலோ ஒன்பது நூறு ரூபாய்." "என்ன அண்ணாச்சி, வெள்ளைக்காரன் மாதிரி பேசுதீங்க?" என்று குழுவில் ஒருவர் கேட்டுவிட்டார்.

தமிழில் 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம். ஒன்பதோடு நூறைச் சேர்த்து வருவதில்லை, அடுத்த படியின் பெயரைக் கடன் வாங்குகிறது. உதவியாளருக்குத் தொண்ணூறு தெரிந்திருந்தது. தொள்ளாயிரத்தைத் தவறவிட்டது. நிரலில் பிழைச்செய்தி வரவில்லை, சிவப்பாக ஒரு வரி இல்லை. கணினியின் கணக்கில் அது சுத்தமான நிரல்.

இதில் என் தப்பு ஒன்று உண்டு. முதல் நாளே "நீயே சோதனைகளும் எழுதிச் சரிபார்" என்று சொல்லியிருந்தேன். எழுதியது. எல்லாம் தேறியது என்று பச்சை விளக்கும் காட்டியது. சோதனைக்குள் போய்ப் பார்த்தால், 900க்கு எதிர்பார்க்கும் விடை என்று அங்கேயும் "ஒன்பது நூறு"தான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

அதனால் நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ஒரு தாளில் 1, 9, 10, 11, 19, 20, 90, 99, 100, 101, 900, 999, 1000, 1001 இவற்றுக்கான சொற்களை உங்கள் கையால் எழுதுங்கள். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படி; நூற்றொன்றா நூற்றி ஒன்றா என்பது உங்கள் முடிவு. அந்தத் தாளில் இருப்பதைத் தட்டிக் கொடுத்து, "இவைதான் சரியான விடைகள், இவற்றோடு ஒப்பிடு" என்று சொல்லுங்கள். 1000 "ஒன்று ஆயிரம்" என்று வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

குரல் பக்கம் இப்படித் தாள் போட்டு ஒப்பிட வழியில்லை, காதுதான். முழுசாகக் கேட்காமல் எதையும் அனுப்பாதீர்கள். அத்தான் குரலில் வந்ததாலேயே நாங்கள் அன்று கவனிக்கவில்லை. பழகிய குரல் சொன்னால் காது கேள்வி கேட்பதில்லை.

படி 7: செலவு

ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு இது உறைத்தது. கோடிங் உதவியாளர் வீடு கட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் கொத்தனார் மாதிரி. நிரல் கைக்கு வந்துவிட்டால் அதை இயக்க ஏஐ தேவையில்லை, இணையம்கூட வேண்டாம். குரல் சேவை பால்காரர் மாதிரி, தினமும் வர வேண்டும், தினமும் அளந்து ஊற்ற வேண்டும். எழுத்து எண்ணிக்கைக்குத்தான் காசு. நம் கண்ணுக்குத் தக்காளி 4 எழுத்து. கணினி எழுத்துகளை எண்ணும் யூனிகோட் கணக்கில் மெய்ப்புள்ளியும் துணைக்காலும் இகரக் குறியும் தனித்தனி என்பதால் 7.

மிச்சம் பிடிக்க ஒரு வழி பார்த்தோம். ஒவ்வொரு காயின் பெயரையும், ஒவ்வொரு எண்ணையும் ஒரே ஒருமுறை பேசவைத்துத் துண்டுகளாகச் சேமித்து, ஒட்டும் வேலையை நிரலிடம் கொடுத்தோம். வேலை செய்தது. ஆனால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. அத்தான் ஒரே நாளில் வேண்டாம் என்றுவிட்டார். முழு வாக்கியமாகவே பேசவைத்து, விலை மாறாத காய்களுக்கு மட்டும் நேற்றைய ஒலியை வைத்துக்கொள்கிறோம்.

கையால் ஒட்டுவதை விட்டு, நிரலே நேராகக் குரல் சேவையைக் கூப்பிட வேண்டுமென்றால் ஏபிஐ சாவி ஒன்று வாங்க வேண்டும், அது நிரல் காட்டும் கடவுச்சொல் மாதிரி. அந்தச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதாதீர்கள். சாவி வெளியே போனால் போவது காசு மட்டுமா? உங்கள் குரலும் சேர்ந்து போகும். தனிக் கோப்பிலிருந்து படிக்கும்படி உதவியாளரிடம் சொன்னால் அதுவே மாற்றிக் கொடுக்கும்.

படி 8: அனுப்புவதற்கு முன்

ஒலியின் தொடக்கத்தில் "இது கணினி வழியாக வரும் என் குரல்" என்று ஒரு வரி சேர்த்தோம். பணம் அனுப்பச்சொல்லி என் குரலில் எது வந்தாலும் நம்பாதீர்கள், கடைக்கு வாருங்கள் என்று அத்தான் தன் சொந்தத் தொண்டையில் தனியாக ஒரு செய்தியும் போட்டார்.

கடைசியாக ஒரு திருத்தம். நான் கொடுத்த விளக்கத்தில் எல்லாவற்றுக்கும் கிலோ என்றிருந்ததால், கீரை கிலோ பதினைந்து ரூபாய், முருங்கைக்காய் கிலோ பத்து ரூபாய் என்று நகல்குரல் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டி கடைக்கு வந்து ஒரு கிலோ கீரையை 15 ரூபாய்க்குக் கேட்டு நின்றார். பட்டியலில் காய்க்கும் விலைக்கும் நடுவே கட்டு, எண்ணிக்கை, சீப்பு என்று அளவையும் எழுதும்படி மாற்றினோம். நிரலை மாற்ற உதவியாளருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கொத்தமல்லிக்குக் கட்டு என்று விலை போடுவதா, இல்லை கொசுறாகவே விட்டுவிடுவதா என்று அத்தான் யோசித்ததில்தான் அன்று காலை விலைப்பட்டியல் தாமதமானது.