வரவேற்பு மேடை வரிசையைக் குறைத்த விதம்

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை, மதுரையில் என் தங்கையின் வரவேற்பு. எங்கள் உறவில் எந்த வரவேற்புக்குப் போனாலும் இரண்டு தொல்லைகள்: மேடையேற நீண்ட வரிசை, பந்தியில் இடம்பிடிக்கத் தள்ளுமுள்ளு. மூட்டுவலியோடு பெரியவர்கள் கால்கடுக்க நிற்பதை என்னால் பார்க்கவே முடிவதில்லை.

தாமதத்தின் வேர் புகைப்படத்தில்தான் இருக்கிறது. பத்திரிகையில் 6.30 என்றிருக்கும், மணமக்கள் அலங்காரம் முடிந்து வர 7.30 ஆகும். பிறகு இரு வீட்டாரின் குடும்பப் படங்கள். அதுவரை வந்தவர்கள் கீழேயே காத்திருப்பார்கள். எனவே அலங்காரத்தை மதியம் 2.30க்கே தொடங்க வைத்தேன். சித்தப்பா, மாமா, அத்தை குடும்பப் படங்களெல்லாம் 6 மணிக்குள் முடிந்தன. புகைப்படக்காரரிடம் இதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும்.

சமையல்காரரிடம் முதல் பந்தியை 6.45க்கே போடச் சொன்னேன். வெளியூர் பஸ் பிடிப்பவர்களும் குழந்தைகளோடு வந்தவர்களும் முதலில் சாப்பிட்டார்கள். கூட்டம் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. முதியவர்களை முன்வரிசை நாற்காலியில் அமர்த்தி, பக்கவாட்டுப் படி வழியாக மேடைக்கு அழைத்துப்போக அத்தை மகன் நின்றான். அருமையான பிள்ளை, கடைசிவரை நகரவில்லை.

மெல்லிசைக் கச்சேரி வேண்டாம் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு. நாதஸ்வரம் போதுமாக இருந்தது. உறவினர்கள் உட்கார்ந்து பேசினார்கள். விடியற்காலையில் எழ வேண்டிய பெண்ணும் மாப்பிள்ளையும் 9.30க்கு இலைமுன் அமர்ந்துவிட்டார்கள்.