டிவிஆர் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கடைசி ஓவர் ஏன் பதிவாகவில்லை?

பதிவு செய்து வைத்த ஆட்டத்தை மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாயிற்று. கடைசி ஓவர், ஆறு பந்தில் ஒன்பது ரன். பந்து வீச்சாளர் ஓடி வருகிறார். திடீரென்று திரை கறுத்து, "பதிவு முடிந்தது. அழிக்கவா, வைத்திருக்கவா?" என்று ஒரு கேள்வி வந்து நிற்கிறது. டிவிஆர், அதாவது டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கும் பாக்ஸ், வைத்திருப்பவர்களில் பலருக்கு இது ஒரு தடவையாவது நடந்திருக்கும். உடனே பாக்ஸில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பாக்ஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அதற்கு ஆட்டம் தெரியாது, மணி மட்டும்தான் தெரியும்.

செட்டாப் பாக்ஸோடு சேர்ந்து வருவதாக இருந்தாலும் சரி, தனியாக வாங்கிய ரெக்கார்டராக இருந்தாலும் சரி, டிவிஆர் எதுவும் நிகழ்ச்சியைப் பார்த்துப் பதிவு செய்வதில்லை. இத்தனை மணிக்குத் தொடக்கம், இத்தனை மணிக்கு முடிவு என்று நிகழ்ச்சி அட்டவணையில் என்ன வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறது. நிகழ்ச்சி உண்மையில் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைச் சேனலே சைகையாக அனுப்பும் ஏற்பாடும் சில ஒளிபரப்புகளில் உண்டு. அதைப் புரிந்துகொள்ளும் பாக்ஸ் தப்பித்துக்கொள்ளும். உங்கள் பாக்ஸ் அப்படிப்பட்டதா என்று உறுதியாகத் தெரியாதவரை, இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜூலை 14-ஐ எடுத்துக்கொள்வோம். லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் சமநிலையில் முடிந்து சூப்பர் ஓவருக்குப் போனது, சூப்பர் ஓவரும் சமநிலையில் முடிந்தது. அதே நாள், அதே லண்டனில், விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஜோகோவிச்சும் ஃபெடரரும் 4 மணி 57 நிமிடம் ஆடினார்கள். எந்த அட்டவணையும் இவற்றை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. நேரடி விளையாட்டு எதைப் பதிவு செய்தாலும் முடியும் நேரத்தோடு குறைந்தது ஒரு மணி நேரம் கூட்டி வையுங்கள். நாக் அவுட் கால்பந்து என்றால் 30 நிமிடக் கூடுதல் ஆட்டம், அதற்கு மேல் பெனால்டி, நடுவில் இடைவேளைகள் என்று அந்த ஒரு மணி நேரம் எளிதாகப் போய்விடும். பாக்ஸில் நேரத்தைக் கூட்ட வழியில்லை என்றால், அதே சேனலில் அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவில் போட்டுவிடுங்கள். அது எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஆட்டத்தின் வால் அதற்குள்தான் இருக்கும்.

சரி, எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிடம் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். இங்கேதான் அடுத்த தவறு. எட்டரைக்கு முடியும் ஒரு நிகழ்ச்சி, எட்டரைக்கு வேறு சேனலில் தொடங்கும் இன்னொன்று. இரண்டுக்கும் பத்து நிமிடம் கூட்டினால், எட்டு இருபதிலிருந்து எட்டு நாற்பது வரை இரண்டு ட்யூனர்கள் வேண்டும். ட்யூனர் என்பது பாக்ஸுக்குள் சேனலைப் பிடிக்கும் பகுதி, சேனலுக்கு ஒன்று வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் மூன்றாவது சேனல் பார்க்க உட்கார்ந்தால் மூன்று. இரண்டு ட்யூனர் பாக்ஸ் என்ன செய்யும்? முன்னுரிமைப் பட்டியலில் கீழே இருப்பதை விட்டுவிடும். சில பாக்ஸ்கள் கேட்டுவிட்டுச் செய்யும், சில சத்தமில்லாமல் செய்யும். அதனால் நாடகத்துக்கும் செய்திக்கும் இரண்டு மூன்று நிமிடம் போதும், விளையாட்டுக்கு மட்டும் தாராளமாகக் கொடுங்கள். தொடர்ப் பதிவுப் பட்டியலைத் திறந்து உங்களுக்கு எது முக்கியமோ அதை மேலே ஏற்றி வையுங்கள். இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது. செய்யாத வீடுகளில் எப்போதோ சேர்த்து மறந்துபோன ஒரு சமையல் நிகழ்ச்சி முதலிடத்தில் உட்கார்ந்திருக்கும்.

டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். பாக்ஸில் இரண்டு ட்யூனர் இருக்கிறது, ஆனாலும் ஒன்றைப் பதிவு செய்யும்போது பாதிச் சேனல்கள் வரவில்லை என்பார்கள். பாக்ஸின் பின்பக்கம் பார்த்தால் டிஷ்ஷிலிருந்து ஒரே ஒரு கேபிள்தான் வந்திருக்கும். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் கருவிதான் எல்என்பி. சாதாரண எல்என்பியில் ஒரு கேபிள் ஒரு நேரத்தில் ஒரு பிரிவு அலைவரிசைகளைத்தான் கொண்டு வரும், கிடைமட்டம் அல்லது செங்குத்து, மேல் பட்டை அல்லது கீழ் பட்டை என்று. பதிவாகும் சேனல் எந்தப் பிரிவில் இருக்கிறதோ அந்தப் பிரிவை மட்டும்தான் அந்த நேரத்தில் பார்க்கலாம். இரண்டாவது கேபிள் இழுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே கேபிளில் பல ட்யூனர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வகை எல்என்பி மாற்ற வேண்டும். அதற்கு பாக்ஸும் ஒத்துவர வேண்டும் என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் பற்றி ஒரு சின்னக் கணக்கு. சேனல் நொடிக்கு எத்தனை மெகாபிட் வேகத்தில் வருகிறது என்பதை 0.45-ஆல் பெருக்கினால், பதிவு மணிக்கு எத்தனை ஜிபி இடம் பிடிக்கும் என்று வரும். 8 மெகாபிட் வேகத்தில் வரும் எச்டி சேனல் மணிக்கு 3.6 ஜிபி பிடிக்கும். அப்படியானால் 1 டிபி டிஸ்கில் ஏறத்தாழ 275 மணி நேரம். 25 மெகாபிட்டில் வரும் 4கே என்றால் 90 மணி நேரம்கூடத் தேறாது. 1999-இல் அமெரிக்காவில் வந்த டிவோ என்ற ஆரம்பகால டிவிஆரின் முதல் பாக்ஸ்களில் 14 மணி நேரம், 30 மணி நேரம் என்று இரண்டு அளவுகள்தான் இருந்தன. இப்போது இடம் தாராளமாக இருக்கிறது, அதனாலேயே யாரும் அழிப்பதில்லை. நிறைந்ததும் பல பாக்ஸ்கள் மிகப் பழைய பதிவிலிருந்து தாமாகவே அழிக்கத் தொடங்கும். மிகப் பழையது என்பது பெரும்பாலும் நீங்கள் ஆசையாக வைத்திருந்ததாகத்தான் இருக்கும். வேண்டியதைப் பூட்டி வையுங்கள், மெனுவில் 'பாதுகாக்க' அல்லது 'நானே அழிக்கும்வரை வைத்திரு' என்ற மாதிரி ஒன்று இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் பூட்டினால் புதிய பதிவுக்கு இடமே இருக்காது.

தொடர்களுக்கு 'புதிய பகுதிகள் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மறந்தால் காலை மறுஒளிபரப்பு, நள்ளிரவு மறுஒளிபரப்பு எல்லாம் வந்து குவியும். அப்புறம், சேனல்களைப் புதிதாகத் தேடிச் சேர்த்தால் போட்டு வைத்த பதிவுகள் சில பாக்ஸ்களில் காணாமல் போகும். சேனல் தேடல் முடிந்த கையோடு பதிவுப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

இனி பாக்ஸை வைக்கும் இடம். டிவிஆருக்குள் ஓடுவது ஹார்டு டிஸ்க். நேரடி ஒளிபரப்பை நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்க்க முடிகிறதே, அதற்காக நீங்கள் சும்மா டிவி பார்க்கும்போதும் அது எழுதிக்கொண்டேதான் இருக்கும். பல ஹார்டு டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் மேல் வரம்பு 60 டிகிரி செல்சியஸ். கதவு மூடிய டிவி அலமாரிக்குள், மேலே இன்னொரு பாக்ஸையும் ஏற்றி வைத்தால் அந்த வரம்பை நோக்கித் தினமும் போய்க்கொண்டிருப்பீர்கள். மேலே எதையும் வைக்காதீர்கள், காற்று போக நான்கு விரல் இடமாவது விடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதும், இரவில் சுவிட்சையும் அணைத்துவிட்டால் மறுநாள் விடிகாலைப் பதிவு நடக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைத் துண்டிப்பது டிஸ்க்குக்கும் கெடுதல்.

படம் கட்டம் கட்டமாக உடைந்தால் உடனே டிஸ்க் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். பத்து விநாடி பின்னால் ஓட்டி அதே இடத்தைத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே காட்சியில் அதே மாதிரி உடைகிறது என்றால், பெரும்பாலும் பதிவான நேரத்தில் சிக்னல் சரியில்லை. மழையாக இருக்கலாம், தளர்ந்த கேபிளாக இருக்கலாம். இரண்டாம் தடவை அங்கே நன்றாக ஓடி வேறொரு இடத்தில் தடுமாறுகிறது என்றால் டிஸ்க்கைச் சந்தேகப்படலாம். நேரடி ஒளிபரப்பிலும் உடைகிறதா என்று பார்த்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். இதைச் சொன்னால் சர்வீஸ்காரரும் எடுத்த எடுப்பில் பாக்ஸை மாற்றச் சொல்ல மாட்டார்.

பாக்ஸை மாற்றுவது என்றதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் அக்கா மகள் பத்து வயதில் ஒரு டிவி பாட்டுப் போட்டியில் பாடினாள். நான்கு நிமிடம். பூட்டி வைத்திருந்தோம், வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டுவோம். ஒருநாள் பாக்ஸ் பழுதாகி, புதியது ஒன்று கொடுத்துப் பழையதை எடுத்துப் போனார்கள். அவர்கள் போய் அரை மணி நேரம் கழித்துத்தான் அந்த நான்கு நிமிடமும் அதோடு போனது புரிந்தது. அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை.

வெளியே செருகிய யூஎஸ்பி டிஸ்கில்தானே இருக்கிறது, பயமில்லை என்று நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பாக்ஸ்கள் அந்த டிஸ்கைத் தங்களுக்கென்று ஃபார்மட் செய்து, பதிவுகளைப் பூட்டு மொழியில் எழுதுகின்றன. கம்ப்யூட்டரில் செருகினால் ஒன்றும் திறக்காது. அதே மாடலில் இன்னொரு பாக்ஸ் வாங்கிச் செருகினாலும் பலவற்றில் திறக்காது. கட்டணச் சேனல் பதிவுகள் சந்தாவை நிறுத்தியதும் திறக்காமல் போவதும் உண்டு.

ஆகவே வீட்டு மனிதர் யாராவது டிவியில் வந்த பதிவு இருந்தால் இந்த வாரமே வெளியே எடுங்கள். பென் டிரைவில் நகலெடுக்க பாக்ஸ் அனுமதித்தால் நல்லது. பழைய பாக்ஸில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி துளைகள் இருந்தால் அதிலிருந்து வேறு ரெக்கார்டருக்கு எடுக்கலாம். இரண்டும் இல்லையா? அறை விளக்கை அணைத்து, போனை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, திரையையே வீடியோ எடுத்துவிடுங்கள். தரம் கொஞ்சம் குறையும், குரல் கேட்கும். அப்புறம் பாக்ஸை மாற்ற ஆள் கூப்பிடுங்கள்.