எஞ்சினை விட்டு மற்றதையும் பாருங்கள்: கிளப் பைக் ரேஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் திறந்த பிறகு, கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பையன்களுக்குப் பைக் ரேஸ் கைக்கெட்டும் விஷயமாகிவிட்டது. அதுவரை டிவியில் பார்த்ததோடு சரி. இப்போது டாடா ஏஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வண்டியை ஏற்றி, விடிவதற்குள் கிளம்பினால் பொழுதோட வீடு திரும்பலாம். கிளப்கள் நடத்தும் ரேஸுக்கும் பயிற்சி நாளுக்கும் ஓட்ட வருகிறவர்கள் மில்லிலும் லேத் பட்டறையிலும் ஐடி கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்கள். திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள். அவர்களுக்காகத்தான் இது.

இவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ட்ராக்கில் தொடங்குவதில்லை. முந்தின வாரமே தொடங்கிவிடுகின்றன. காசும் கவனமும் மொத்தமாக எஞ்சினுக்குப் போய்விடும். பிரேக், டயர், கொடி, சொந்த உடம்பு எல்லாம் மிச்சம் மீதி இருந்தால்தான்.

இது நம் ஊரின் பழைய வழக்கம். ஓட்டல் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியே இயந்திரம் கற்றவர் ஜி.டி. நாயுடு. இந்த ட்ராக்குக்குப் பெயர் தந்த கரிவர்தனும் கோவைக்காரர்தான். மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் காரை உருவாக்கியவர். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனிடம் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு எஞ்சினைத் தொடாதே என்றால் கேட்பானா? பிரிப்பதில் தப்பில்லை. சனிக்கிழமை ராத்திரி பிரிப்பதுதான் தப்பு. பன்னிரண்டு மணிக்கு ஹெட்டைக் கழற்றி, மூன்று மணிக்கு மாட்டி, தூங்காத கண்ணோடு ஆறு மணிக்கு வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினி வரிசையில் நிற்பவர்களை எந்த கிளப் நாளிலும் பார்க்கலாம். ட்ராக்கில் ஓட்டும் முதல் செஷனில் எங்கிருந்தோ ஆயில் கசியும். அவருடைய நாள் முடிந்தது, கூடவே மற்றவர்களின் அரை மணி நேரமும். ட்ராக்கில் விழுந்த ஆயிலின் மேல் சிமென்ட் பொடியைக் கொட்டித் தேய்த்துக் கூட்டி எடுக்கும்வரை எல்லோரும் பிட்டில், அதாவது ட்ராக் ஓரம் வண்டிகளை நிறுத்தும் இடத்தில், உட்கார்ந்திருக்க வேண்டும். கை வைப்பதென்றால் ஒரு வாரம் முன்னாடியே வையுங்கள். பூட்டிய பிறகு நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள்.

ரேஸுக்குப் பேர் கொடுத்திருந்தால் விதிப் புத்தகத்தை ஒரு முறை படித்துவிடுங்கள். ஸ்டாக் பிரிவு என்றால் கம்பெனி கொடுத்தபடிதான் இருக்க வேண்டும். எதை மாற்றலாம் என்று எழுதியிருக்கிறதோ அதை மட்டும் மாற்றலாம். எஞ்சின் சிலிண்டரின் துளையான போரைப் பெருசாக்கியோ, வால்வைத் திறந்து மூடும் கேமை மாற்றியோ முன்னால் வந்தால், ரேஸ் முடிந்த பிறகு நடக்கும் சோதனையில் எஞ்சினைத் திறக்கச் சொல்வார்கள். கப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அப்பாவும் மாமாவும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரோட்டுக்கான டிரைவிங் லைசென்ஸும் ரேஸுக்குப் போதாது. இந்திய மோட்டார் ரேஸ் கிளப்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் போட்டி உரிமம் தனி, அதற்கு மருத்துவச் சான்றும் வேண்டும். பயிற்சி நாளுக்கு இவ்வளவு கெடுபிடி இருக்காது. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. உங்கள் வண்டி இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தினால் செல்லாது என்று எழுதியிருக்கும். ட்ராக்கில் உடைவது உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும். தவணை முடியாத வண்டியைக் கொண்டு வருபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நிற்பதற்குச் செலவு செய்யுங்கள்

சைலன்ஸருக்குப் பதினைந்தாயிரம் கொடுப்பவர் பிரேக் ஆயிலுக்குச் சில நூறு கொடுக்க மாட்டார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். டவுனுக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. ட்ராக்கிலோ ஒவ்வொரு லேப்பிலும், அதாவது ஒவ்வொரு சுற்றிலும், திரும்பத் திரும்ப முழு பிரேக். கரி ட்ராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான் என்பதால் கார்னர்கள் அடுத்தடுத்து வரும், பிரேக் ஆற நேரம் கிடைக்காது. ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் லீவர் ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டிக்கொள்ளும். அது நேர் ரோட்டின் கடைசியில், வேகம் உச்சத்தில் இருக்கும்போதுதான் நடக்கும். போவதற்கு முன் ஆயிலை மாற்றி, காற்று போக ப்ளீட் பண்ணி, பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கழற்றியே பார்த்துவிடுங்கள்.

ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். நிறையப் பேர் இதைச் சடங்கு என்று நினைத்து ஏய்க்கப் பார்ப்பார்கள். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் (glycol) என்ற ரசாயனம் ரோட்டில் கொட்டினால் ஆயில் மாதிரி வழுக்கும், வெயிலிலும் லேசில் காயாது. தண்ணீர் காய்ந்துவிடும். ஆயிலை வடிக்கும் போல்ட்டுக்கும் ஊற்றும் மூடிக்கும் கழன்றுவிடாதபடி லாக் வயர் கட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்காகச் செய்யும் வேலை இது.

செயினைப் பலர் டைட்டாக வைத்துக்கொண்டு வருகிறார்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது சரியாகத் தெரியும் செயின், ஆள் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கியதும் இன்னும் இறுகும். மேலே ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் கழற்றி, ஹெட்லைட்டுக்கு டேப் ஒட்டுவதைச் சொல்லவே வேண்டாம், அதை எல்லோரும் ஆசையாகச் செய்கிறார்கள். போட்டோவில் ரேஸ் வண்டி மாதிரி தெரியும் அல்லவா!

டயர் காற்றுக்கு வருவோம். பிட்டில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "ஏனுங்கண்ணா, காத்து எவ்வளவு வெக்கட்டுமுங்க?" பக்கத்து வண்டிக்காரர் ஒரு நம்பர் சொல்வார். அவர் டயர் வேறு, வண்டி வேறு, எடை வேறு. அது தெரியாமல் அதையே வைத்துவிடுவார்கள். ட்ராக்கில் டயர் சூடேறும்போது உள்ளே இருக்கும் காற்று விரியும். ஏறத்தாழ பத்து டிகிரிக்கு ஒன்று முதல் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். அதனால்தான் ரோட்டில் வைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்துத் தொடங்குகிறோம். டயர் கம்பெனி சொல்லும் அளவிலிருந்து தொடங்கி, சொந்த கேஜை வைத்து, நிழலில், டயர் ஆறியிருக்கும்போது அளந்து எழுதி வையுங்கள். செஷன் முடிந்து வந்ததும் மறுபடி அளந்து அதையும் எழுதுங்கள். சூடான டயரில் அளவு கூடியிருக்கிறதே என்று பதறி, காலையில் வைத்த நம்பருக்குக் காற்றை இறக்கிவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மத்தியானம் டயர் ஆறியதும் காற்று பாதாளத்தில் இருக்கும்.

உடுப்பில் சிக்கனம் பார்ப்பவர்களிடம் ஒன்றே ஒன்று. வாடகை லெதர் சூட் லூஸாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விழுந்து சறுக்கும்போது முழங்கை கார்டு தோளுக்குப் போய்விட்டால் அது இருந்தும் பயனில்லை. க்ளவுஸ் மணிக்கட்டையும், பூட்ஸ் கணுக்காலையும் மூட வேண்டும். ஹெல்மெட் ஏற்கெனவே ஒரு முறை விழுந்து அடிபட்டதாக இருந்தால் அலமாரியிலேயே இருக்கட்டும்.

கொல்லிமலை ஏறிய தைரியம்

"கொல்லிமலையில எழுபது வளைவு, திம்பத்துல இருபத்தேழு, வால்பாறையில நாப்பது. இதெல்லாம் ஓட்டியாச்சு, இது என்ன பெரிய விஷயம்" என்று வருகிறவர்கள் உண்டு. மலை ஓட்டிய கை வீண்போகாது. ஆனால் மலைப் பழக்கம் ட்ராக்கில் கொஞ்சம் இடைஞ்சலும் செய்யும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும் என்று உங்கள் பாதியோடு ஒட்டியே போயிருப்பீர்கள். இங்கே ட்ராக்கின் முழு அகலமும் உங்களுடையது. வெளி ஓரத்திலிருந்து உள்ளே வந்து, உள் முனையைத் தொட்டு, மறுபடி வெளி ஓரம் போக வேண்டும். அகலத்தைப் பயன்படுத்தாமல் நடுவிலேயே ஓட்டினால் அதே வேகத்துக்கு வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டியிருக்கும். மலையில் இரண்டாம் கியரில் மெதுவாக வந்து திரும்புவீர்கள். இங்கே மூன்று இலக்க வேகத்திலிருந்து பிரேக் பிடித்துக் கியர் இறக்கித் திரும்ப வேண்டும். உள்ளே போன பிறகு வேகம் அதிகம் என்று பயந்து ஆக்சிலேட்டரைப் பட்டென்று மூடினால் எடை முழுக்க முன் டயருக்குப் பாயும், வண்டி போக வேண்டிய பாதையை விட்டு விலகும். பிரேக்கை நேராக இருக்கும்போதே முடித்துவிட்டு, கார்னருக்குள் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தபடியே போய்ப் பழகுங்கள். சாய்ந்துகொண்டே பிரேக் விடும் வித்தை பிறகு வரும்.

இதைத் தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. ரேஸுக்குப் பயிற்சி என்று சொல்லி, விடியற்காலையில் எல் அண்ட் டி பைபாஸிலோ திம்பத்திலோ முறுக்குவது. அங்கே கொடி இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, எதிரே பால் வண்டி வரும். இவர்களை எந்த கிளப்பும் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

முட்டி தேய்க்கும் ஆசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கார்னரில் கொடியோடு நிற்பவர் கண்ணுக்கு இது நன்றாகத் தெரியும். வண்டி நேராக நிற்கிறது, ஆள் மட்டும் காலை விரித்துத் தரையைத் தேடுகிறார். உடம்பு முழுக்க ஹேண்டில்பாரில் தொங்குகிறது. பார்வை வண்டிக்கு ஒரு அடி முன்னால். வெளியே வேலி ஓரம் நண்பர் செல்போனோடு நிற்கிறார். முட்டி தரையைத் தொடுவது நீங்கள் எவ்வளவு சாய்ந்திருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் அளவுகோல்தான். உட்காரும் விதமும் வேகமும் சரியாக அமைந்தால் தானாகத் தொடும். தொடைகளால் டேங்கைப் பிடித்து, கைகளைத் தளர்த்தி, அடுத்து போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனால் அவர் பாதை தவறும்போது நீங்களும் பின்னாலேயே மண்ணில் இறங்குவீர்கள்.

உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா என்ற மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். 200 மீட்டர், 300 மீட்டர் தூரத்தை ஒவ்வொரு வண்டியாக ஓடிக் கடக்கும், போட்டி கடிகாரத்தோடு. முதல் வருஷம் ட்ராக்குக்கு வருகிறவரும் அப்படி ஓட்டினால் போதும். ரேஸ் என்றாலும் முதல் லேப்பின் முதல் கார்னரில் டயர் இன்னும் முழுச் சூட்டுக்கு வந்திருக்காது, கூட்டமும் அங்கேதான். வலப்பக்கத் திருப்பங்கள் அதிகமான ட்ராக்கில் டயரின் இடப்பக்கம் சூடேற இன்னும் நேரமாகும். அந்தப் பக்கம் முதல் முறை நிதானமாகச் சாயுங்கள்.

கொடி பார்க்காதவர்

காலையில் நடக்கும் ரைடர் மீட்டிங்கில் பின்வரிசையில் நின்று டீ குடிப்பவர்தான் மஞ்சள் கொடியின் கீழ் ஓவர்டேக் செய்வார். மஞ்சள் ஆடினால் முன்னே யாரோ விழுந்திருக்கிறார், அவரைத் தூக்க, கொடி காட்டும் ஊழியர்களான மார்ஷல்கள் ட்ராக்கில் இருக்கலாம். அந்த இடம் தாண்டும்வரை யாரையும் முந்தக் கூடாது. மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருந்தால் தரை வழுக்குகிறது. கறுப்புக் கொடியோடு உங்கள் நம்பரைக் காட்டினால் பிட்டுக்கு வர வேண்டும். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உங்கள் வண்டியில் ஏதோ கோளாறு, அநேகமாக ஆயில் ஒழுகுகிறது. இன்னொரு லேப் பார்க்கலாம் என்று நினைக்காமல் அப்போதே ட்ராக்கை விட்டு ஒதுங்க வேண்டும்.

அதிகம் குழப்புபவை சிவப்பும் நீலமும். சிவப்புக் கொடி பார்த்ததும் சடாரென்று பிரேக் பிடிக்கிறார்கள். பின்னால் வருகிறவர் அதை இன்னும் பார்த்திருக்க மாட்டார், வந்து இடிப்பார். கையைத் தூக்கிக் காட்டி, ஆக்சிலேட்டரை மெல்லக் குறைத்து, முந்தாமல் பிட்டுக்குத் திரும்புங்கள். நீலம் என்றால் வேகமானவர் பின்னால் வருகிறார். உடனே ஓரத்துக்கு ஒதுங்குவது மரியாதை மாதிரி தோன்றும். ஆனால் அவர் நீங்கள் போய்க்கொண்டிருக்கும் கோட்டை வைத்துத்தான் எந்தப் பக்கம் முந்துவது என்று முடிவு செய்திருப்பார். கோட்டை மாற்றாமல் போங்கள், வழி கண்டுபிடிப்பது அவர் வேலை. திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

விழுந்துவிட்டால் வண்டியைத் தூக்க ஓடாதீர்கள். சறுக்கல் முழுசாக நின்ற பிறகே எழுந்து, இரண்டு பக்கமும் பார்த்து, தடுப்புக்குப் பின்னால் போய்விடுங்கள். லீவர் வளைந்த வண்டியை அப்படியே கிளப்பி மறுபடி ட்ராக்கில் ஏற்றுவது வீரம் மாதிரி தெரியும். அதன் ஆயிலில் அடுத்தவர் விழுவார்.

காற்றும் சோறும்

வைகாசி கடைசியில் தொடங்கி ஆடி தாண்டியும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று இந்தப் பக்கத்தைச் சும்மா விடாது. பல்லடம், உடுமலை வழியில் காற்றாலைகள் நிற்பது எதனால் என்று இங்கே பக்கமெல்லாம் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங் போட்ட 150 சிசி வண்டியில் ஒரு லேப் போனால் தெரியும். முதுகுக் காற்றில் நேர் ரோட்டின் முடிவுக்கு வழக்கத்தைவிட வேகமாக வந்து சேர்வீர்கள். காலையில் பிரேக் பிடித்த அடையாளத்திலேயே மத்தியானமும் பிடித்தால் கார்னர் தாண்டிப் போய்விடும். எல்லோரும் ஓட்டும் கோட்டுக்கு வெளியே புழுதி வேறு சேர்ந்திருக்கும்.

லெதர் சூட்டுக்குள் வியர்வை ஊற்றும். தாகம் எடுத்த பிறகு குடித்தால் தாமதம்தான். செஷனுக்குச் செஷன் உப்புப் போட்ட மோரோ இளநீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பதினோரு மணிக்குப் பள்ளிபாளையம் சிக்கனும் பிரியாணியும் பார்சல் வந்து இறங்கும். கூட வந்தவர்கள் சாப்பிடட்டும். உங்களுக்கு இரண்டு வாழைப்பழமும் தயிர் சோறும் போதும், மீதியைப் பொழுதோட பார்த்துக்கொள்ளலாம். மதியச் சோற்று மயக்கத்தோடு போகும் இரண்டு மணி செஷனில்தான் ஆட்கள் மண்ணுக்குள் போகிறார்கள். கடைசி செஷனும் அப்படித்தான். காசு கட்டியாச்சு, விடக் கூடாது என்று கை நடுங்க நடுங்கக் கிளம்புவார்கள். பிரேக் அடையாளங்களைத் தவற விடத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், அந்த செஷனுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும்.

வண்டியை ஓட்டிக்கொண்டே வந்தவர்கள் கிளம்பும் முன் கண்ணாடி, நம்பர் பிளேட், இண்டிகேட்டரை மாட்டி, ஹெட்லைட் டேப்பை உரித்துவிடுங்கள். டயரில் காற்றை ரோட்டு அளவுக்கு ஏற்றுங்கள். செட்டிபாளையம் ரோட்டில் அறுபதுக்கு மேல் போகாதீர்கள், இவ்வளவு நேரம் ஓட்டிய வேகத்துக்குப் பிறகு அறுபது நிற்பது மாதிரிதான் தெரியும். ஏஸில் ஏற்றுபவர்கள் பெட்ரோல் குழாயை மூடி, லோடு பெல்ட்டை முன் ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இழுத்துக் கட்டுங்கள். வீட்டுக்குப் போன வாரத்திலேயே ரேடியேட்டர் தண்ணீரை வடித்துக் கூலன்ட் ஊற்றிவிடுங்கள். வெறும் தண்ணீரோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் உள்ளே துருவேறிவிடும்.