மார்கழிக் குளிரில் மூணாறு: உறைபனியைக் காணச் செல்வோருக்கு

தேனிப் பக்கத்திலிருந்து மூணாறு செல்வோருக்குப் போடிமெட்டு, பூப்பாறை வழியே வசதியானது. அந்த ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வரும் வண்டி தெரியாது என்பதால், இருட்டுவதற்குள் மலையேறிவிட வேண்டும்.

உறைபனிக்கு டிசம்பர் கடைசியும் ஜனவரியும் ஏற்ற காலம். விடுதியில் நன்றாகத் தூங்கி எழுந்து பத்து மணிக்குக் கிளம்புவதில் பயனில்லை. மேகமற்ற இரவில் தரையின் வெப்பம் வெளியேறிவிட, கனத்த குளிர்காற்று பள்ளங்களில் தேங்குவதால், செண்டுவாரை, லட்சுமி போன்ற எஸ்டேட்டுகளின் தாழ்வான புல்வெளிகளில் பனி நன்றாகப் படிகிறது. விடியும்போதே அங்கிருந்தால், புல் நுனிகளில் பொடியுப்புத் தூவியதுபோல் வெண்படலம் நிற்பதையும், வெயில் பட்டதும் அது நீராகிச் சொட்டுவதையும் காணலாம். நமக்கு வேடிக்கையான இந்தப் பனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். செடிகளுக்கிடையே இறங்கிப் படமெடுக்காமல் சாலையோரத்தில் நிற்பதே முறை.

காதை மூடும் குல்லாய் அவசியம். கம்பளிச் சட்டையை மட்டும் நம்பிப் போகக் கூடாது. தேநீர்க் கடைகளில் தமிழே போதும்.

ஆனைமுடி (2,695 மீட்டர்) அமைந்துள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் மூடப்படுவதால், அதை ஜனவரிக்குள் பார்த்துவிடலாம். டாப் ஸ்டேஷன் என்னும் மலைக் காட்சிமுனைக்குக் காலையிலேயே செல்லுங்கள். பிற்பகலில் மேகம் ஏறிவிட்டால் கீழே தேனிச் சமவெளி தெரியாது.